இந்த வயதில் துடுப்பா?

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?"

எழுபதைத் தாண்டியவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தால் வரும். மொட்டை மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தால் வரும். போன தை மாதம் எங்கள் ஓய்வூதிய நண்பர்கள் 14 பேர் சேர்ந்து, சுண்ணாம்பாற்றில் ஒரு நாள் துடுப்புப் படகில் போய் வருவது என்று தீர்மானித்தோம். 14 வீடுகளிலும் ஒரே நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. ஃபிரான்சில் இருக்கும் மகன்கள் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள்கள் நேரில் வந்து கேட்டார்கள். முடிவில் மூன்று பேர் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 11 பேர் போனோம், 11 பேரும் திரும்பி வந்தோம்.

பயணக் கதை சொல்வது மட்டும் என் நோக்கமில்லை. ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து மனதில் கிடக்கிறது. சாதுவான ஆற்றில், ஒழுங்காக ஏற்பாடு செய்த துடுப்புப் படகுப் பயணம் முதியவர்களுக்கு மிகவும் பொருத்தமானது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் அவர்களே டிக்கெட் வாங்கி நம்மை ஏற்றி விடுகிறார்கள்.

எந்த இடம் என்று சொல்கிறேன். விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏதாவது ஒரு ஏரிக்கோ உப்பங்கழிக்கோ போகிறோம். மோட்டார் படகு நிற்கிறது. "அப்பா, நீங்க ஓரமா உக்காருங்க, ஒண்ணும் பண்ண வேணாம், அவங்களே ஓட்டிக்குவாங்க" என்று கையைப் பிடித்து ஏற்றுகிறார்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. மிதவைச் சட்டை, அதாவது லைஃப் ஜாக்கெட், இருக்கைக்கு அடியில் குவிந்து கிடக்கும். சிலர் அதை முதுகுக்குத் தலையணையாக வைத்துக்கொள்வார்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் இன்னொரு 22 பேர். அதில் பெரும்பகுதி குழந்தைகள். மூன்றிலும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதும், மிதவைச் சட்டை உடம்பில் இல்லாததும்தான் பேசப்பட்டன. புயல் ஒன்றும் அடிக்கவில்லை. இப்படிப்பட்ட படகில் தாத்தாவை ஏற்றிப் புகைப்படம் எடுத்துக்கொள்வோம். இடுப்பளவுத் தண்ணீரில், சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு துடுப்போடு உட்காரும் படகைப் பார்த்துத்தான் "ஐயோ வேண்டாம்" என்போம். இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் டேலி ஆனதில்லை.

படகுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கனூ, கயாக் என்று இரண்டு வகை. கனூ என்பது மேலே திறந்த நீளமான தோணி. பலகையில் உட்கார்ந்தோ மண்டி போட்டோ, ஒரு பக்கம் மட்டும் தட்டையான துடுப்பால் தள்ள வேண்டும். கரீபியன் தீவு மக்களின் சொல் இது. கொலம்பஸ் காலத்தில் ஸ்பானிய மொழிக்குள் புகுந்து, பிறகு எல்லா ஐரோப்பிய மொழிகளுக்கும் போனது. கயாக் வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களுடையது. சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, கடல் வேட்டைக்குப் போவார்கள். அதன் துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டை இருக்கும். வலம், இடம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். நம் பக்கம் ஆற்றில் கிடைப்பது கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்த கயாக். குழிக்குள் நுழைய வேண்டியதில்லை, மேலேயே உட்காரலாம். உள்ளே விழும் தண்ணீர் அடியில் உள்ள துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. பிடித்துக்கொண்டு மிதக்கலாம். இதில் நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை. உலகத்துக்கு அவர்கள் கனூவும் கயாக்கும் கொடுத்தார்கள் என்றால் நாம் கட்டுமரம் கொடுத்தோம். பிரெஞ்சு அகராதியிலும் அது 'கத்தமரான்' என்று உட்கார்ந்திருக்கிறது.

பிரெஞ்சு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாம் எல்லாவற்றுக்கும் துடுப்பு என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர் இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். படகின் விளிம்பில் வளையத்தில் மாட்டி வலிப்பது 'ராம்'. எதிலும் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொள்வது 'பகேய்'. ராம் வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். பகேய் போடுபவர் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தது, ஆற்றில் இறங்கியபோதுதான் புரிந்தது. நான் இங்கே எழுதுவதில் பாதி ராம் வலிக்கிற காரியம்தான். கடந்து வந்ததைப் பார்த்துக்கொண்டே முன்னால் போவது. வருடத்துக்கு ஒரு நாளாவது முகத்தை முன்னால் திருப்பி உட்காருவது நல்லது.

இனி ஆறு. சுண்ணாம்பாறு தனி ஆறு அல்ல என்பது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. செஞ்சி மலைப் பக்கம் புறப்படும் சங்கராபரணி, வீடூர் அணையைத் தாண்டி, திருவக்கரை, வில்லியனூர், திருக்காஞ்சி வழியாக வந்து, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரி வணிகச் சரக்கை வெளியே எடுத்த இடம். தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. கடலூர் சாலையில் நோணாங்குப்பம் பாலத்தில் பேருந்தில் போகும்போது நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்தது ஜன்னல் வழியாக, அரை நிமிடம்.

கடைசியாக இந்த ஆற்றுக்கு எதற்காகப் போனோம் என்று எங்களில் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்தோம். பதில் ஒன்றுதான். திருக்காஞ்சிக்கு, அஸ்தி கரைக்க, அல்லது திதி கொடுக்க. நம் வயதுக்காரர்களுக்கும் ஆற்றுக்கும் இருக்கும் உறவு அவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

நாள் குறித்ததில் இருந்து எல்லாவற்றையும் அலுவலக ஒழுங்கோடு செய்தோம். உப்பங்கழியில் கடல் ஏற்றமும் வற்றமும்தான் மேலதிகாரி. சுமார் ஆறு மணி நேரம் கடல் நீர் உள்ளே ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். தைப்பூசத்துக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம். அன்று காலை ஒன்பது, ஒன்பதரை வரை ஏற்றம். ஏழரைக்குப் புறப்பட்டால் தண்ணீரே நம்மை மேற்கே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது வற்றும் நீர் கிழக்கே கொண்டுவந்து விடும். பதினோரு மணிக்குள் கரை ஏறிவிட வேண்டும். அதற்கு மேல் கடற்காற்று எழுந்து முகத்தில் மோதும். அந்தக் காற்றை எதிர்த்து வலிப்பது இளைஞர்களுக்கே சிரமம்.

மாதமும் முக்கியம். சாது ஆறு என்று சொல்கிறோமே தவிர, வருடம் முழுக்க அது சாது அல்ல. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் சங்கராபரணி கரையோரம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஆற்றுப் பக்கம் துடுப்போடு போகவே கூடாது. தை, மாசி சரியான காலம். சித்திரை வந்துவிட்டால் வெயில் நம்மைப் படகிலேயே காயப்போட்டுவிடும்.

அன்று இரட்டை இருக்கைக் கயாக் 4, மூவர் உட்காரும் கனூ 1, கூட வந்த இரண்டு தம்பிகளுக்கு ஒற்றைக் கயாக் 2. மொத்தம் 7 படகு. இரண்டு தம்பிகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஆறு அவர்களுக்கு வீட்டுத் தாழ்வாரம் மாதிரி. எங்களில் இரண்டு பேர் பெண்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, முழங்கால் தேய்மானம் உள்ளவர். இன்னொருவர் எங்கள் நண்பரின் மனைவி. அப்புறம் 78 வயதான ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். "முசியே, பார்த்து ஏறுங்க" என்று நாங்கள் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு முன்பு ஒரு காரியம் நடந்தது. இந்தக் கட்டுரையில் யாராவது எதையாவது குறித்துக்கொள்வதானால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரான்சில் விடுமுறை முகாம்களில் சிறுவர்களைத் துடுப்புப் படகில் ஏற்றும் முன், தண்ணீரில் இறக்கி, மல்லாந்து மிதக்கச் சொல்லி, சிறிது தூரம் நீந்தச் சொல்லிப் பார்ப்பார்கள். தேறியவர்களுக்குச் சான்று உண்டு. நண்பர் ஒருவரின் பேரன் அந்தச் சான்றை வாங்கிய கதையை எங்களுக்குச் சொல்லியிருந்தார். அதே முறையை எங்கள் வயதுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டோம். மிதவைச் சட்டையைப் போட்டு, எல்லா வார்களையும் இறுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் மல்லாந்து கிடந்தோம். தம்பி பக்கத்தில் நின்றான். நீச்சல் தெரியாதவர் ஐந்து பேர். முதலில் கழுத்தை விறைத்துக்கொண்டு கிடந்தவர்கள், "ஐயா, தலைய விடுங்க, சட்டை பாத்துக்கும்" என்று அவன் சொன்னதும் மெல்லத் தளர்ந்தார்கள். சட்டை தூக்கிப் பிடிக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் முக்கால் பங்கு அங்கேயே கழிந்துவிடும். மீதிக் கால் பங்கு இருப்பது நல்லது. அது நம்மைக் கவனமாக வைத்திருக்கும்.

சட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டு தோள் பட்டைகளையும் இன்னொருவர் மேலே இழுக்க வேண்டும். சட்டை காதுவரை ஏறினால் அது தளர்வு. மீண்டும் இறுக்குங்கள், அல்லது சிறிய அளவு கேளுங்கள். "எனக்கு நீச்சல் தெரியும், சின்ன வயசுல வீராம்பட்டினத்துல கடல்லயே நீந்தினவன்" என்ற பேச்சுக்கு அன்று இடம் தரவில்லை. அந்தப் பையன் நீந்தினது 60 வருடத்துக்கு முன்னால். இன்று ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவரைத்தான் சட்டை காப்பாற்ற வேண்டும்.

வருகைப் பதிவேடு ஒன்று வைத்தோம். சிரித்தார்கள். ஆனால் 35 வருடம் பதிவேடு பார்த்தவன் சொல்கிறேன், எண்ணாமல் போன கூட்டம் எண்ணாமல்தான் திரும்பும். பெயர், வயது, வீட்டு எண், என்ன மாத்திரை, இவ்வளவும் ஒரு தாளில். போகும்போது கையெழுத்து, வந்ததும் கையெழுத்து. தாள் கரையில் இருந்த ஓட்டுநரிடம். பதினொன்றரைக்குள் 11 கையெழுத்து விழாவிட்டால் யாருக்குப் பேச வேண்டும் என்று அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தோம்.

தண்ணீரில் இன்னும் இரண்டு விதிகள். முதல் தம்பியை யாரும் முந்தக்கூடாது, கடைசித் தம்பிக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. இரண்டாவது, வேகம் கடைசிப் படகின் வேகம். எங்கள் கடைசிப் படகு ஆசிரியை போன படகு. நிமிடத்துக்கு நிமிடம் கரைப்பக்கம் ஒதுங்கி நண்டு பார்ப்பார்கள். முன்னால் போன சொல்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் நின்றார். நின்றதால்தான் அவரும் அந்த நண்டுகளைப் பார்த்தார். ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக வைத்துக்கொண்டு, வயலின் வாசிப்பதுபோல ஆட்டும் சின்ன நண்டுகள். கூட்டமாகப் போகிற எந்தப் பயணத்துக்கும் இந்த விதி பொருந்தும். கோயில் சுற்றுலாப் பேருந்தில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று முதியவர்களை விரட்டும் ஏற்பாட்டாளர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

துடுப்பு போடுவதில் பெரிய வித்தை இல்லை. கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, காலை மிதிக்கட்டையில் ஊன்றி, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பிப் போட வேண்டும். அப்போது வேலையை முதுகும் வயிறும் பங்கு போட்டுக்கொள்ளும். இரட்டைக் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம் வைப்பார். பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போட்டு, திசையையும் கவனிப்பார். நண்பரும் மனைவியும் ஒரே படகில் ஏறினார்கள். அவர் பின்னால், அம்மா முன்னால். 48 வருடக் குடும்பத்தில் முதல் முறையாக அவர் மனைவியின் தாளத்துக்குக் கை அசைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முதல் கால் மணி நேரம் வட்டமடித்தார்கள், அப்புறம் நேராகப் போனார்கள்.

மேற்கே போகப் போக சாலைச் சத்தம் குறைந்தது. கரையில் கண்டல் செடிகள். சேற்றில் இருந்து ஆயிரக்கணக்கில் பென்சில் முனைபோல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள், அந்த மரம் மூச்சு விடுவதற்காக. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது, பறக்கவில்லை. மோட்டார் படகில் வந்திருந்தால் அது எப்போதோ போயிருக்கும். கயாக்கில் நம் கண் தண்ணீர் மட்டத்துக்கு மூன்றடி உயரத்தில் இருக்கிறது. ஆறு நம்மைவிடப் பெரியது என்று அந்த உயரத்தில்தான் தெரியும். அதே உயரத்தில் இன்னொன்றும் தெரியும். வேர்களில் சிக்கிக் கிடக்கும் பால் பாக்கெட், மாத்திரை அட்டை, கோயில் மாலை நார். மாத்திரை அட்டையைப் பார்த்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதில் இருந்த மாத்திரையின் பெயர் எங்களில் நாலு பேருக்குப் பழக்கமானது.

ஒன்பது மணிக்கு ஒரு மணல் திட்டில் நிறுத்தினோம். இட்லி, மிளகாய்ப் பொடி, ஃபிளாஸ்க்கில் காபி. அங்கேதான் அந்த விஷயம் நடந்தது.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் முன்பு என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி இறந்துவிட்டார். அதிலிருந்து வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு விளக்கணைக்கும்போதுதான் எழுந்திருப்பார் என்று மருமகள் சொல்வாள். அவரைச் சம்மதிக்க வைத்ததே அந்த மருமகள்தான். மகன் வேண்டாம் என்றான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேற்கே பார்த்து, "திருக்காஞ்சி இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டார். ஆமாம், இந்தத் தண்ணீர்தான் என்று தம்பி சொன்னான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அவ இந்த வழியாத்தான் போயிருப்பா" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்தா மட்டும் எழுந்து போய் அவருக்கு இன்னொரு இட்லி வைத்தார். திரும்பும்போது நண்பர் துடுப்பை நன்றாகவே போட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் காலையில் கடற்கரைச் சாலைக்கு நடக்க வருகிறார். ஒரு நாள் பயணம் ஒருவரைக் குணமாக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

"இந்த வயசுல" என்று தடுக்கும் பிள்ளைகள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்றில் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தை எழுதும் பேரேட்டில், எதிர்ப்பக்கம் நாற்காலியிலேயே கழியும் வருடங்களையும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கைத் தணிக்கையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு உண்மை. முழங்கால் போனவர்களால் கோயில் வரிசையில் நிற்க முடியாது, மலைப்படி ஏற முடியாது, கடற்கரை மணலில் நடக்க முடியாது. ஆனால் உட்கார முடியும். ஆசிரியை சொன்னார்: "நாலு வருஷத்துல முதல் தடவையா ஒரு இடத்துக்குக் கால் வலிக்காம போய் வந்தேன்." நடக்க முடியாதவர்கள் மிதக்கலாம். அவருக்குச் சிரமம் படகில் இல்லை, ஏறுவதிலும் இறங்குவதிலும்தான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் முதலில் உட்காரவைத்து, பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தோம்.

எல்லோரும் போகலாம் என்றும் சொல்ல மாட்டேன். சமீபத்தில் இருதய அறுவை செய்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், தோள்மூட்டு அடிக்கடி நழுவுகிறவர்கள், திடீரென்று தலை சுற்றுகிறவர்கள் கரையில் இருந்து கையசைக்கலாம். மற்றவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும், பட்டினியாக ஏறக்கூடாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது சாப்பிடுவது என்று மருத்துவரையே கேட்டுக்கொள்வது உத்தமம். நடு ஆற்றில் கேட்டுப் பயனில்லை. வேட்டியும் புடவையும் வேண்டாம், தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். கண்ணாடிக்குக் கயிறு, தொப்பிக்கு நாடா. காது கேட்கும் கருவியைக் கழற்றிக் கரையில் வைப்பவர்கள், தம்பியின் கை ஜாடை தெரியும்படி முன் வரிசையில் போக வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். படகு விடும் இடங்களை நடத்துகிறவர்களுக்கு, அது அரசானாலும் தனியாரானாலும், பழைய பழக்கத்தில் ஒரு விண்ணப்பம்.

ஒன்று: கைப்பிடியோடு, தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்வான ஒரு மேடை. மோட்டார் படகுக்கான உயரமான படகுத்துறையில் இருந்து கயாக்கில் இறங்க எங்களால் முடியாது. சக்கர நாற்காலிக்காரருக்குச் சாய்தளம் கட்டுகிறோம். அதே நியாயம்தான் இதற்கும்.

இரண்டு: மிதவைச் சட்டை பல அளவுகளில், வார் அறுந்து போகாததாக. சட்டையை அணிந்து வார் பூட்டாதவரைப் படகில் ஏற்றவே கூடாது. அவர் முன்னாள் அதிகாரியாக இருந்தாலும் சரி, இன்னாள் அதிகாரியாக இருந்தாலும் சரி.

மூன்று: படகில் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணைப் பயணிகள் கண்ணில் படும்படி படகிலேயே பெரிதாகத் தமிழில் எழுத வேண்டும். எண்ணிப் பார்க்கும் உரிமை நமக்கு அப்போதுதான் வரும்.

நான்கு: காலை ஒன்பது மணி வரை குறுகிய கால்வாய்களில் மோட்டார் படகு வேண்டாம். அதன் அலை சின்னப் படகை ஆட்டுகிறது, கரை மண்ணை அரிக்கிறது, சத்தம் பறவையை விரட்டுகிறது. ஒன்பதுக்கு மேல் ஆறு அவர்களுடையதாக இருக்கட்டும். அதிகாலை ஆறு, மெதுவாகப் போகிறவர்களுக்கும் மீன் பிடிக்கிறவர்களுக்கும் இருக்கட்டும்.

ஐந்து: அன்றன்றைய ஏற்ற, வற்ற நேரத்தை டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடலாம். ஒரு சுண்ணக்கட்டிதான் செலவு.

இதற்கெல்லாம் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நான் பார்த்த கோப்புகளில் இதைவிடப் பயனற்ற காரியத்துக்கு இதைவிடப் பெரிய தொகை கையெழுத்தாகியிருக்கிறது.

அன்று பெயரைத் திரும்பப் பெற்ற மூவரில் இரண்டு பேர், அடுத்த பயணம் எப்போது என்று கேட்டுவிட்டார்கள். வரும் தையில் மீண்டும் போகிறோம். இந்த முறை அரியாங்குப்பம் கிளையில், அரிக்கமேட்டுக் கரை வரை. ரோமாபுரிச் சரக்கு வந்த தண்ணீர் வழியில் நாமும் ஒரு தடவை போய்ப் பார்ப்போம். வர விரும்பும் வாசகர்கள் இப்போதே ஒரு காரியம் தொடங்கலாம். தினமும் காலையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு துடைப்பக் கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து உடம்பை இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது திருப்புங்கள். வீட்டில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.